கேஸ்கெட்டில் வந்த சோப்பு நுரை

வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற வேண்டும். புதன்கிழமை மத்தியானம், விழுப்புரத்தில் அம்சா வேலை பார்க்கும் ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் கரும்புகை கக்கிக்கொண்டு ஒரு ஜப்பான் கார் வந்து நின்றது. இறங்கியவன் அரங்கநாதன். அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. திண்டிவனத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன்.

போன வாரம் அவன் அம்மா, "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கெல்லாம் போவ வேணாம்" என்று சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். அவன் வாயால் பதில் வராமல் தட்டு மாற்றுவதில்லை என்று அம்சா அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா அதை அவனுக்குக் கடிதமாக எழுதியும் போட்டுவிட்டார்.

"பதில் சொல்ல வந்தீங்களா?"

"கரண்ட் அளக்கற மீட்டர் கேட்டு வந்தேங்க" என்றான் தலையைக் குனிந்துகொண்டே.

கார் கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவருடையது. போன மாதம்தான் கப்பலில் வந்து இறங்கியது.

"கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி பெட்ரோலைக் குறைச்சா, அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் கூடிப்போவுது. சீட்டுக்கடியில கம்ப்யூட்டர் பெட்டி ஒண்ணு இருக்குது. புகைக்குழாய்ல ஒரு சென்சார். அது சொல்றதக் கேட்டுத்தான் பெட்டி கார்புரேட்டருக்கு உத்தரவு போடுது. நம்ம ஊரு பெட்ரோல்ல ஈயம் இருக்குதுல்ல? அதுல சென்சார் செத்திருக்கும். புதுசு கப்பல்லதான் வரணும். ஒரே பேஜாரு."

"செத்துச்சுன்னு யார் சொன்னா? அதைக் கேட்டீங்களா?"

டிஜிட்டல் மீட்டரை எடுத்து வந்து, இன்ஜினை ஓடவிட்டு, சென்சார் ஒயரில் வைத்தாள். 0.1 வோல்ட். அங்கேயே நின்றது.

"பெட்ரோல் பத்தலைன்னு சொல்லுது."

"பின்னால இவ்ளோ புகை போவுது, பத்தலையாமா?"

"குழாய்க்குள்ள வெளிக்காத்து நுழைஞ்சா அப்படித்தான் சொல்லும். அதை நம்பி பெட்டி இன்னும் ஊத்தும். யாராவது குழாயைக் கழட்டினாங்களா?"

அவன் பின்கழுத்தைச் சொறிந்தான். "நான்தான். இடிச்சு நெளிஞ்சு வந்துது. நிமித்திட்டு, இணைப்புல காத்து போவாம அடைக்கிற கேஸ்கெட்டு, அதுல பழசையே போட்டேன். அம்பாசிடருக்கு அப்படித்தான் போடுவேன், ஒண்ணும் ஆவாது."

"புகை எப்போலேர்ந்து?"

"அதுக்கப்புறந்தாங்க" என்றான், சொல்லும்போதே புரிந்துபோய்.

இன்ஜின் ஆறியதும், குழாய் இணைப்பில் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினாள். ஸ்டார்ட் செய்ததும் ஓரிடத்தில் நுரை பொங்கிப் பொங்கி வெடித்தது. புகை கசியும் அந்த இடுக்கு வழியாகத்தான் வெளிக்காற்றும் உள்ளே போயிருந்தது. எதிர்க்கடையில் கேஸ்கெட் ஷீட் வாங்கி, புது கேஸ்கெட் வெட்டி, காருக்கடியில் படுத்து மாட்டி முடிப்பதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது.

இன்ஜின் சூடானது. 0.2. 0.8. 0.3. 0.7.

"ஆடிக்கினே இருக்குதே. கெட்டுப்போச்சா?"

"ஆடினாத்தான் உயிரோட இருக்குது. கூடினாலும் குறைஞ்சாலும் உடனே சொல்லிடுது, பெட்டியும் சரி பண்ணிக்கினே இருக்குது. பஜ்ஜி தின்னுக்கினு சும்மா உக்காரல."

புகை மெலிந்து காணாமலே போயிருந்தது. அரங்கநாதன் கைக்கரியைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போனான். முதலாளியிடம் கேட்டு, திண்டிவனத்தில் தன் வீட்டுக்கு அடுத்திருந்த அரிசி மில்லுக்கு போன் போட்டான். அம்மா வரும் வரை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"அம்மா, அம்சா வேலைக்குப் போவாங்க. ஆமா, பஸ்லதான், தினமும். அன்னிக்கே சொல்லியிருக்கணும், என்மேலதான் தப்பு."

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றான். அம்சா காரின் மூடியைச் சாத்தவில்லை. மீட்டரையும் எடுக்கவில்லை.

அவன் வெளியே வந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல திட்டினாங்க. அப்புறம், ஜல்தி வந்து சேரு, வெள்ளிக்கிழமைக்குப் பூ சொல்லணும்னாங்க."

அம்சா மீட்டரை அணைத்தாள். "போற வழிதானே? எங்க தெருமுனையில இறக்கி வுடுங்க. அப்பாகிட்டயும் உங்க வாயாலயே சொல்லிட்டுப் போங்க."