நீலப்புயலின் தங்கச்சி

விழுந்துகொண்டே இருக்கிறாள் கிளாரா, பதினெட்டாவது மாடியிலிருந்து தலைகீழாக, தலைமுடி மேலே பறக்க, கைகள் இரண்டும் தோள்வரை வெறுமையாக, என் முதுகுக்குப் பின்னால் சுவர் அகலத்துக்குக் கட்டியிருக்கும் வெள்ளைத் திரையில், மதுரைப் புத்தகத் திருவிழா மேடையில் நாற்காலி போட்டு என்னை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள், நானோ கழுத்தைத் திருப்பித் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்தக் கைகளை எனக்குத் தெரியும், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கைகளுக்கு முழங்கைவரை கறுப்பு மையில் ரவிக்கை போட்டுவிட்டவள் நான்தான், முழங்காலுக்கு மேலே ஏறியிருந்த பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டவளும் நான்தான், அவள் சாகப்போகிறாள், எனக்கு அவள் மானத்தைக் காப்பாற்றுகிற வேலை, மாதச் சம்பளத்துக்கு.

பக்கத்து நாற்காலியில் தனபாலன், பொன்னாடை போர்த்திக்கொண்டு, தலை முழுக்க வெளுத்து, அந்த நாளில் நீலப்புயல் படக்கதைகளைத் தமிழில் எழுதியவர், போன வாரம் அவர்தான் போன் செய்தார், நம்ம நீலப்புயல் கதைங்கள ஒரிஜினல் படத்தோட மறுபடி போடுறாங்க, வெளியீட்டுக்கு நீங்களும் வரணும், உங்களப் பத்தி மேடையில சொல்லணும், இத்தன வருஷமா சொல்லாமலே விட்டுட்டேன் என்றார், நீங்க என்கிறார், ஒரு காலத்தில் நீ என்று சொன்ன வாய், நான் போனை வைத்துவிட்டு அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எனக்கு ஒன்றுதான் வேண்டும், ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், இந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன், பிறகு கைவிட்டேன் என்று அவர் வாயிலிருந்து வரவேண்டும், அதற்காகத்தான் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன், பொன்னாடைக்காக இல்லை, என்னிடம் இருக்கிற புடவைகளுக்கே பீரோவில் இடமில்லை.

வடக்குமாசி வீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே அப்போது எங்கள் ஆபீஸ், கீழே பித்தளைக் குடங்களைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குகிற சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும், வெளிநாட்டுப் படக்கதைகள் கட்டுக்கட்டாக வரும், பேச்சுக் குமிழிகளில் இருக்கும் இங்கிலீஷை வெள்ளை மை வைத்து அழிப்பது நான், தனபாலன் தமிழில் எழுதித் தருவதைக் குமிழிக்குள் அடங்க எழுதுவதும் நான், பெண்களுக்குத் துணி உடுத்துவதும் நான், முதலாளி தவமணி அண்ணாச்சி ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்ப்பார், இந்தப் பிள்ளைக்குக் கழுத்துல இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா, பள்ளிக்கூடத்துப் பசங்க படிக்கிற புக்கு என்பார், ஏற்றுவேன், ஜட்டியைப் பேண்டுக்கு மேலே போட்டுக்கொண்டு ஊர் முழுக்கப் பறக்கிற நீலப்புயலுக்கு மட்டும் ஒரு சொட்டு மை செலவழிக்கச் சொன்னதில்லை, அவன் அப்படியே பறக்கலாம், முத்தம் வந்தால் இரண்டு முகத்துக்கும் நடுவில் பூந்தொட்டி வரைய வேண்டும், அவன் பட்டணத்தில் பாலத்தின் மேல் பூந்தொட்டி, கப்பல் தளத்தில் பூந்தொட்டி, ஒரு தடவை மேகத்துக்கு நடுவிலும் வரைந்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நீலப்புயல் பகலில் கோர்ட்டில் ஒரு சாதாரண குமாஸ்தா, கிளாரா அதே கோர்ட்டில் சுருக்கெழுத்துக்காரி, பறக்கிறவனை நினைத்து உருகுவாள், பக்கத்து மேஜை குமாஸ்தாவை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள், இரண்டும் ஒரே ஆள் என்று அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது, ஏன் சொல்லவில்லை என்றால் உன்னைக் காப்பாற்றத்தான் கிளாரா என்று மனசுக்குள் பேசுவான், அவனுக்கு ஒரு தனிக் குமிழி, மேகம் மாதிரி, அதையும் நான்தான் நிரப்ப வேண்டும், ஒரு கதையில் அவளே மூளையைச் செலவழித்துக் கண்டுபிடித்துவிட்டாள், உடனே ஒரு விளக்கைக் காட்டி அவள் நினைவை அழித்துவிட்டான், அவள் நன்மைக்கு, அடுத்த கட்டத்தில் அவள் ஒன்றும் தெரியாமல் சிரிக்கிறாள், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, இன்னொரு கதையில் தையல் கம்பெனியில் தீப்பிடிக்கிறது, வெளியே பூட்டியிருந்த கதவைப் பிய்த்தெறிந்து உள்ளே இருந்த பெண்களையெல்லாம் அவன் தூக்கிக்கொண்டு வருகிறான், கம்பெனி முதலாளி அவனுக்குக் கை குலுக்குகிறார், கதவைப் பூட்டியது யார் என்று ஒரு கட்டத்திலாவது கேட்கவேண்டுமே, கேட்கவில்லை, தனபாலன் கேட்டார், டீ குடிக்கும்போது, என்னிடம், பூமியையே தூக்குறான், ஒரு முதலாளியத் தூக்கி உள்ள வைக்கத் துப்பில்ல பாரு என்றார், அந்தப் பேச்சுக்குத்தான் நான் மயங்கினேன், வேறு எதற்குமில்லை, ஆள் பார்க்க ரொம்பச் சுமார்.

காதலி என்ற சொல்லே கூடாது என்பது அண்ணாச்சியின் சட்டம், பெத்தவங்க பார்த்தா புக்கைக் கிழிச்சு அடுப்புல போட்டுருவாங்கப்பா, தங்கச்சின்னு போட்டுரு என்றார், போட்டோம், மாடியிலிருந்து விழுகிறவளை நடுவானில் ஏந்திக்கொண்டு, அஞ்சாதே தங்கச்சி, இதோ வந்துவிட்டேன் என்பான், கண்ணோடு கண் வைத்து, ஊருக்கே அது பழகிவிட்டது, பிறகு ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து புதுக் கட்டு வருகிறது, அதில் நீலப்புயல் கிளாராவைக் கல்யாணம் செய்துகொள்கிறான், தீபாவளி மலர் என்று விளம்பரமும் கொடுத்தாகிவிட்டது, அண்ணாச்சி கடைசிப் பக்கத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார், ஏம்ப்பா தனபாலா, என்னப்பா இது, இவன் தங்கச்சியவே கட்டுறான் என்றார், தனபாலன் கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார், முதல் பக்கத்து மூலையில் ஒரு கட்டம் கட்டச் சொன்னார், கிளாரா கைக்குழந்தையில் கப்பல் விபத்தில் தப்பியவள், நீலப்புயலின் சொந்தத் தாய்மாமன் மகள், விவரம் தெரியாமல் தங்கச்சி என்று வளர்த்துவிட்டார்கள் என்று அதற்குள் எழுதித் தந்தார், அண்ணாச்சிக்கு உயிர் வந்தது, மாமன் மகளா, அப்ப முறைதானப்பா, தாராளமா கட்டிக்கிறட்டும் என்றார், மோதிரத்தை அழித்துவிட்டுத் தாலி வரையச் சொன்னார், வரைந்தேன், மஞ்சள் கயிறு என்று தெரியக் குறுக்குக் கோடெல்லாம் போட்டு, நான் குனிந்து வரைந்துகொண்டிருக்கும்போது தனபாலன் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மலர் வேல முடியட்டும், வீட்டுல பேசிர்றேன், தை மாசம் நாம கட்டிக்குவோம் என்றார், நான் வரைகிறதை விட்டு அவரை நிமிர்ந்து பார்த்ததில் தாலி கோணலாகிவிட்டது, அதுவும் அச்சில் அப்படியே வந்தது, இப்போதும் பழைய மலர் யாரிடமாவது இருந்தால் பார்க்கலாம்.

தை வருவதற்குள் அந்தப் படிக்கட்டு வந்துவிட்டது. பாத்திரக்கடை அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கிற குறுகல் படி, நான் மை பாட்டிலோடு ஏறுகிறேன், அச்சுக்குப் பேப்பர் தருகிற ஏஜென்ட் வரதராஜு இறங்குகிறான், வழி விடுகிற மாதிரி ஒதுங்கி என்னைச் சுவரோடு சேர்த்து நெரித்துக் கையை வைத்தான், எங்கே வைத்தான் என்று சொல்ல எனக்கு இப்போதும் அருவருப்பாக இருக்கிறது, மேலே பார்க்கிறேன், தலைப்படியில் தனபாலன் நிற்கிறார், பார்க்கிறார், நான் பார்ப்பதையும் பார்க்கிறார், ஒரு படி இறங்கவில்லை, நானே மை பாட்டிலைத் திறந்து வரதராஜுவின் வெள்ளைச் சட்டையில் கொட்டினேன், அவன் அந்தச் சட்டையோடு நேரே அண்ணாச்சியிடம் போய், இந்தப் பிள்ளையும் உங்க எழுத்தாளரும் ஆபீஸ்ல கொஞ்சிக்கிட்டு இருந்ததப் பார்த்துட்டேன், அந்த ஆத்திரத்துல எம்மேல மையை ஊத்துது என்று மாற்றிச் சொல்கிறான், அவன் பேப்பரை நிறுத்தினால் புத்தகம் நின்றுவிடும், எல்லோருக்கும் தெரியும், படியில எம்மேல கை வச்சது அவன்தான், இவரு பார்த்தாரு என்றேன் நான், அண்ணாச்சி தனபாலன் பக்கம் திரும்பினார், நீ பார்த்தியாப்பா என்றார், நான் ஒண்ணும் பார்க்கல அண்ணாச்சி என்றார் தனபாலன், உனக்கும் இந்தப் பிள்ளைக்கும் என்ன என்று கேட்டார் அண்ணாச்சி, தனபாலன் தரையைப் பார்த்தார், தங்கச்சி மாதிரி அண்ணாச்சி என்றார். அவ்வளவுதான், அப்ப நீ வீட்டுக்குப் போம்மா, நாலு ஆம்பளைங்க புழங்குற இடம் என்று அண்ணாச்சி முடித்துவிட்டார், வரதராஜுவுக்குக் காப்பி வந்தது, எனக்குக் கணக்குத் தீர்த்தார்கள், பஸ் ஸ்டாப்புவரை பின்னாலேயே வந்தார் தனபாலன், உன் பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன், உன்னயக் காப்பாத்தத்தான் என்றார், அட பாவி, இந்த வசனத்தை எத்தனை குமிழியில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், எனக்கே சொல்கிறாயே என்று வாய்வரை வந்தது, பஸ்ஸும் வந்தது, ஏறிவிட்டேன். தை வந்து போனது, அவர் வீட்டில் யாரும் வரவில்லை, வைகாசியில் என்னைத் திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், நல்ல மனிதர், போய்ச் சேர்ந்துவிட்டார், அவரை இந்தக் கதைக்குள் இழுப்பது நியாயமில்லை, ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது ஒன்றே ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருந்தது, காகிதத்தில் இருக்கிற ஒரு பெண்ணைத் தங்கச்சியிலிருந்து மாமன் மகளாக்க இந்த ஆளுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது, எனக்காக ஒரு வார்த்தையை மாற்ற அவருக்கு ஆயுசு போதவில்லை.

இப்போது மேடையில் தனபாலன் பேசிக்கொண்டிருக்கிறார், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தங்கச்சி மாமன் மகளான கதையைச் சொல்கிறார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது, பெண்களை அந்தக் காலத்தில் கதைகளில் எவ்வளவு மட்டமாக நடத்தினோம் என்று வருத்தப்படுகிறார், கைதட்டுகிறார்கள், பிறகு என் பக்கம் கையை நீட்டுகிறார், இவங்களப் பத்தி இத்தன வருஷமா சொல்லாம விட்டுட்டேன், நம்ம கிளாராவுக்கு ரவிக்கை வரைஞ்சது இவங்கதான், எனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி என்கிறார், அதற்கும் கைதட்டுகிறார்கள், இதுதானா, இதைச் சொல்லத்தானா போன் செய்தீர்கள், விழாக்காரர் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் தந்து, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா என்கிறார், எழுந்து நிற்கிறேன், நான் இவருக்குத் தங்கச்சி இல்லீங்க என்கிறேன், சிரிக்கிறார்கள், அப்ப மாமன் மகளா என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்க இன்னும் பெரிய சிரிப்பு, தனபாலனும் தொடையில் தட்டிச் சிரிக்கிறார், நான் சிரிக்காமல் நிற்கிறேன், அடங்கட்டும் என்று நிற்கிறேன், முன்வரிசையில் ஒரு பெண்மணி முதலில் சிரிப்பை நிறுத்துகிறார், என் முகத்தைப் பார்த்துவிட்டார் போல, மைக்கை மறுபடி வாய்க்குக் கொண்டுபோகிறேன், என்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னவரு இவரு, அந்த ஆபீஸ் படியில ஒருத்தன் எம்மேல கை வச்சப்ப மேல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தவரும் இவருதான், பார்க்கவே இல்லைன்னு சொன்னாரு, தங்கச்சி மாதிரின்னு சொன்னாரு, எம் பொழப்பு அன்னியோட போச்சு என்கிறேன், குரல் எனக்கே ஸ்பீக்கரில் யாரோ மாதிரி கேட்கிறது, தனபாலனின் கை தொடைமேல் அப்படியே நிற்கிறது, விழாக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவரிடம் படத்தை எடுக்கச் சொல்லி அவசரமாகச் சைகை காட்டுகிறார், கிளாரா திரையிலிருந்து போய்விட்டாள், வெறும் வெளிச்சம் முகத்தில் அடித்துக் கண் கூசுகிறது, திரும்பிப் பார்க்கிறேன், அவள் விழுந்துகொண்டிருந்த இடத்தில் என் நிழல் நிற்கிறது, நேராக, அகலமாக, கையில் மைக்கோடு, விழாக்காரர் ஓடி வந்து, அம்மா, நேரமாயிருச்சு, குடுத்துருங்க என்று மைக்குக்குக் கை நீட்டுகிறார், நான் தரவில்லை, இன்னும் முடிக்கலீங்க என்கிறேன்.