தூக்கிய கை

உதயனின் காய்ச்சல் மூன்று நாளாக இறங்கவில்லை. பொறுக்கமாட்டாமல் கஜந்தி முருகனுக்கு நேர்ந்து, ஒரு டொலர்க் குற்றிக்காசை மஞ்சள் துணியில் முடிந்து புருசனின் தலைமாட்டில் வைத்தாள். விடிய அவன் உடம்பு குளிர்ந்திருந்தது. எழும்பிக் குசினிக்கும் போய்விட்டான்.

கோயிலுக்குக் கொண்டுபோக முடிச்சை அவிழ்த்தபோதுதான் பிழை தெரிந்தது. மகாராணியின் தலையை மட்டும் பார்த்துக் கனடாக் காசென்று எடுத்திருக்கிறாள், விசரி. அது வேல்ஸிலிருந்து வந்துபோன தமையன் விட்டுச்சென்ற பழைய பவுண்ஸ் குற்றி. மறுபக்கத்தில் அந்த நாட்டுச் சின்னமான டிராகன், முன்கால் ஒன்றைத் தூக்கியபடி நிற்பதைத் தமையன் காட்டியது நினைவிருந்தது. இப்போது அந்தப் பக்கம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது.

அவள் நேர்ந்ததை முருகன் கேட்கவில்லை. வேறு எதுவோ கேட்டிருக்கிறது.

குளிர்காற்று முகத்தில் அடித்தது. பல்கனிக் கதவு திறந்து கிடந்தது. வெளியே பனியில் உதயனின் வெறுங்கால் தடங்கள் கம்பிவரை போயிருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. கனடாவின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவர்கள் இருப்பது நாலாம் மாடி.

"இஞ்சருமப்பா, தேத்தண்ணி போடும்," என்று பின்னால் அவன் குரல் கேட்டது.

திரும்பினாள். குசினி வாசலில் உதயன் நின்றான், வலக்கையை நெஞ்சுக்கு நேரே தூக்கியபடி. அந்தக் கையை அவன் இறக்கவே இல்லை.