எடைக்கு எடை

அமெரிக்க விவசாயிகள் நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் ஏன் வெள்ளிப் பணம் கேட்டார்கள் என்று எங்கள் தின்கன்ஜூன் பேட்டை டியூஷனில் பாடம் எடுத்தேன். தங்கத்தை மட்டுமே நம்பினால் புழக்கத்தில் பணம் குறையும், விளைச்சல் விலை விழும், கடன் மட்டும் கனக்கும். "தங்கத்தைக் கட்டிப்பிடிச்சவன் கடன் கொடுத்தவன்தான், திருடன்!" என்று கத்தினேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

இடைவேளையில் வெளியே போனால், மாவ்பி கிராமத்திலிருந்து வந்த அப்பாசாமி மாமா காத்திருந்தார். போன வருடம் விதைநெல்லுக்காக என் தங்க வளையல்களைக் கடனாக வாங்கிப்போய் விற்றவர். நம் நாட்டுப் பணமான கியாட்டின் மதிப்பு சரிகிறது, எடைக்கு எடை தங்கமாகவே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கியவள் நான். குடும்பத்தின் முதல் பட்டதாரி அல்லவா!

மாமா புது வளையல்களை நீட்டினார்.

"தங்கம் வெல எங்கயோ போயிடுச்சே, எப்படி மாமா வாங்கினீங்க?"

"நெல்லு வெல அவ்வளவு ஏறலம்மா. மேட்டு வயலக் குடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"படிச்ச புள்ள. யோசிக்காமலா எழுதியிருப்பே?"

வயலை மீட்கச் சொல்லி, வளையல்களை அவர் கையிலேயே திணித்தேன். அவர் வாங்கவில்லை. வயலை வாங்கியவன் உழுதே விட்டானாம்.

உள்ளே போய், திருடன் என்று கத்திய அதே வாயால் மீதிப் பாடத்தை நடத்தினேன்.