பொத்தான் டப்பா

தம்பிக்கு,

நீ போனில் கேட்கும்போதெல்லாம் "துரை நல்லா இருக்கான், வேளைக்குச் சாப்பிடுறான்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அது பொய்யில்லை. உயிரோடு இருக்கிறான், சாப்பிடவும் செய்கிறான். ஆனால் அடுத்த மாதம் நீ விடுப்பில் வந்து கதவைத் திறந்ததும், வழக்கம்போல் குனிந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போவாய். அதற்கு முன்னால் நடந்ததை வரிசையாக உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

மூடிப்போன கிடங்கிலிருந்து நீ அவனை அவிழ்த்துக்கொண்டு வந்தபோதே தெரிந்த விஷயம்தான். குனிகிற மனிதர்களும், மேலிருந்து இறங்குகிற கையும் அவனுக்கு ஆகாது. சுவரோடு ஒட்டிக்கொண்டு உறுமுவான். உறுமுவானே தவிர யாரையும் கடித்ததில்லை. நீ வேலைக்குப் புறப்பட்டுப் போன இரண்டாம் மாதம் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: "படிக்கட்டில் செல்வோரை அச்சுறுத்தும் வகையில் தங்கள் நாய் உறுமுகிறது. உடனே சரிசெய்யவும்."

உன் மாமா கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அடிக்கக் கூடாதுன்னு உன் தம்பி சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கான். சத்தம் காட்டக் கூடாதுன்னு வாங்கலையே?"

யோசனை அவருடையது. டப்பா என்னுடையது. காலி காப்பித்தூள் டப்பாவில், எங்கள் சட்டை ஆலையில் கழித்துப் போட்ட பித்தளைப் பொத்தான்களை இரண்டு கைப்பிடி போட்டு மூடினேன். அவன் தொண்டையில் 'உர்' என்று கிளம்பிய மறுநொடி, காதுக்குப் பக்கத்தில் ஒரு குலுக்கு. அடி இல்லை, திட்டு இல்லை. சட்டையில் பிசிறு பார்க்கிற கை இது, ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பதினாறே நாளில் உறுமல் நின்றுபோனது. மாடியில் இருப்பவர்கள் எல்லாம் "என்ன மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது மாடித் தையல்காரரை உனக்குத் தெரியும். தங்கமான மனிதர். ஒரு சாயங்காலம் படியில் அவர் கையிலிருந்து நூல்கண்டு உருண்டது. எடுக்கக் குனிந்தார். துரை பக்கத்தில்தான் நின்றான். ஒரு சத்தமும் இல்லை. அடுத்த கணம் அவருடைய வலது கட்டைவிரல் அவன் வாய்க்குள் இருந்தது. ஐந்து தையல். கத்தரிக்கோல் பிடிக்கிற விரல், தம்பி. கட்டுப்போட்ட விரலைக் காட்டி அவர் என்னிடம் சொன்னது இது: "ஊருக்கெல்லாம் நான் தையல் போடுறேன். எனக்கு உங்க நாய் போட வச்சிட்டான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு உயிர் போனது.

சங்கம் கூடியது. முப்பது நாள் கெடு. முப்பதாம் நாள் காலை செயலாளர் வந்து பார்ப்பார். கடிக்க முடியாதபடி வாய்க்கூடு போட்டிருந்தாலும் சரி, ஒரு தடவை உறுமினால்கூட நகராட்சி வண்டிக்குச் சொல்லிவிடுவார்கள். அந்த வண்டியில் போகிற நாயை ஏழு நாள் வைத்திருப்பார்கள். கடித்ததாகப் பதிவான நாயை யாரும் கேட்டு வரமாட்டார்கள். எட்டாம் நாள் ஊசி.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் நாய்களைப் பழக்கும் அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். நாய்க்காரம்மா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அவளை அழைத்து வந்தேன். டப்பாவைக் காட்டினேன். கையில் வாங்கி, ஆட்டாமல், மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"ஏம்மா, காய்ச்சல்னா தெர்மாமீட்டரை உடைப்பியா?"

நான் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"அவன் 'தள்ளிப் போ, எனக்குப் பயமா இருக்கு'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தான். அதைச் சொன்னா தண்டனைன்னு நீ சொல்லிக் குடுத்துட்ட. பயம் போகலை, சொல்றது போயிடுச்சு. இப்ப அவனுக்குப் பல்லைத் தவிர வேற பேச்சே இல்லை."

"என்ன செய்யணும்?"

"மறுபடி உறும வைக்கணும்."

"உறுமினா வண்டிதான் வரும்!"

"உறுமிட்டா போதும்னு நான் சொல்லலை. முதல்ல பேசட்டும். பேசினா மதிக்கிறாங்கன்னு தெரிஞ்சா பயம் தேயும். பயம் தேஞ்சா பேச வேண்டிய அவசியமும் குறையும். முப்பது நாள் பத்தாது. பார்க்கலாம்."

வேலை இப்படி. நடைவழியின் ஒரு கோடியில் துரை, வாய்க்கூட்டோடு. மறுகோடியில் ஒரு வேற்று ஆள். எந்தத் தூரத்தில் அவன் காது பின்னால் படிகிறதோ அங்கே தரையில் ஒரு கோடு. ஆள் அந்தக் கோட்டுக்கு அப்பால் சும்மா நிற்க வேண்டும், துரைக்கு ஈரல் துண்டு. அமைதியாக இருந்தால் மறுநாள் கோடு அரை அடி கிட்டே வரும். வேற்று ஆளுக்கு எங்கே போவது? தையல்காரரே இறங்கி வந்தார். கட்டுப்போட்ட கையில் அளவு நாடா, மறுகையில் தையல் சாக்கட்டி.

"கடிபட்டவன் நான், பயப்படுறது அவனா? நல்ல நியாயம் தங்கச்சி," என்றார். பிறகு சட்டைக்கு அளவெடுப்பதுபோல் தரையை அளந்து கோடு போட்டார். பதினாலு அடி.

தினமும் ஆலையிலிருந்து வந்ததும் அரைமணி நேரம். பதினாலு, பதிமூன்றரை, பதிமூன்று. நடுவில் ஒருநாள் யாரோ கதவை அறைந்து சாத்தியதில் மறுபடி பதினாலு. இருபத்திரண்டாம் நாள் எட்டு அடியில் தையல்காரர் கால்மாற்றி நின்றார். துரையின் தொண்டையில் ஏதோ அசைந்தது. பழைய பம்ப் தண்ணீர் இல்லாமல் ஓடுவதுபோல் ஒரு கரகரப்பு. என் கை தன்னாலே டப்பா இருக்கும் அலமாரிப் பக்கம் போனது. நாய்க்காரம்மா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணே, பின்னால போங்க. உடனே!"

தையல்காரர் இரண்டு அடி பின்வாங்கினார். துரை சத்தத்தை நிறுத்தினான். அவரையே பார்த்தான். வாலை ஒருமுறை அசைத்து உட்கார்ந்துவிட்டான். கேட்டது கிடைத்த முகம், தம்பி. நீ பார்த்திருக்க வேண்டும்.

"தள்ளிப் போன்னான், போயிட்டீங்க. இனி எதுக்குக் கடிக்கிறான்?" என்றாள் நாய்க்காரம்மா. தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பொண்டாட்டி முப்பது வருஷமா சொல்றா, அவளுக்கு நான் ஒரு அடி தள்ளினதில்லை," என்றார்.

எட்டு நாள் மிச்சம் இருந்தது. கோடு ஆறரை அடிக்கு வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. செயலாளர் ஆறரை அடியில் நிற்கப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

முப்பதாம் நாள் காலையில் மாமா சொன்னார்: "பத்து நிமிஷம்தான். டப்பாவைக் கையில வச்சிக்கோ. ஆட்டக்கூட வேணாம்."

"மாட்டேன்."

"அப்ப வண்டியில ஏத்துறதுக்கும் நீயே கூடப் போ."

செயலாளர் இரண்டு பேரோடு வந்தார். "சார், குனியாதீங்க. கையை நீட்டாதீங்க. அங்கேயே நின்னு பாருங்க," என்று மூன்று தடவை சொன்னேன். "நான் பார்க்காத நாயா?" என்றார். நேராகப் போய், குனிந்து, மேலிருந்து கையை இறக்கினார்.

துரை சுவரோடு ஒட்டினான். வாய்க்கூட்டுக்குள் உதடு நடுங்கியது. தொண்டையில் அந்தக் கரகரப்பு கிளம்புவது எனக்குக் கேட்டது. நான் சொல்லிக்கொடுத்தபடி, ஒழுங்காக, முறைப்படி அவன் பேசத் தொடங்கினான்.

டப்பாவை எடுத்தது எனக்கு நினைவில்லை. ஒரே ஒரு குலுக்கு.

சத்தம் பாதியில் அறுந்தது. அவன் செயலாளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு முன்னங்கால்கள் மடிந்து அப்படியே படுத்தான். அவனுக்கு அடியில் தரையில் ஈரம் பரவியது. செயலாளர் தலையைத் தடவினார். "பாருங்க, பூனைக்குட்டி மாதிரி! இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" கையெழுத்துப் போட்டார். "ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துடுவோம், ஒரு சம்பிரதாயத்துக்கு."

படிக்கட்டில் தையல்காரர் நின்றிருந்தார். எல்லாம் பார்த்துவிட்டார். திரும்பி மேலே ஏறிப் போனார்.

நாய்க்காரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு நாயின் காதைத் துடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உயிர் இருக்கு. இன்னிக்கு அதுக்கு மேல கேக்காதே. முதல்ல இருந்து ஆரம்பி. ஆனா இந்தத் தடவை கோடு உனக்கு."

அப்படித்தான் நடக்கிறது. மாமா வைத்தால் சாப்பிடுகிறான். நான் அறைக்குள் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். சத்தம் என்பதே கிடையாது. நல்ல நாய் என்று பெயர் வேறு பரவிவிட்டது. செயலாளரின் பேத்தி கம்பிக்கதவு வழியாகக் கையை நீட்டி "துரை, துரை" என்று கூப்பிடுகிறாள். இரண்டாவது பூட்டுப் போட்டிருக்கிறேன், சாப்பாட்டு வேளை தவிர வாய்க்கூட்டைக் கழற்றுவதே இல்லை. நீ வரும்போது குனியாதே. பெயர் சொல்லிக் கூப்பிடாதே. பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார். அவனாக வந்தால் வரட்டும். எச்சரிப்பான் என்று மட்டும் நம்பாதே.

டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று தையல்காரரிடம் சொன்னேன். போடவில்லை. பரண்மேல் இருக்கிறது. ஆறு மாதத்தில் நான்கு நாள் போய்விட்டது.

அவர் தன் சாக்கட்டியை என்னிடமே கொடுத்துவிட்டார். முதல் நாள் பதினாலு அடியில் கோடு போட்டு உட்கார்ந்தேன். நேற்றும் அதே கோடுதான். ஈரல் துண்டை உருட்டிவிட்டேன். தொடவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தேன். அவன் உதடு ஒரு தடவை அசைந்தது. தொண்டையில் ஒன்றும் வரவில்லை.

நான் எழுந்து இரண்டு அடி பின்னால் போய், அங்கே வேறு கோடு போட்டேன்.

அன்புடன்,
அக்கா