சுவர் தெரியாத படம்

அன்று அந்த மேட்டில் இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, நான், வக்கீலின் குமாஸ்தா. குமாஸ்தா காரை விட்டு அதிகம் இறங்கவில்லை, அவரைக் கழித்தால் மூன்று பேர். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் காமெரா நின்றது. அதையும் ஓர் ஆளாகத்தான் எல்லோரும் நடத்தினார்கள். இடித்துவிடாமல் சுற்றிப் போனார்கள்.

அண்ணன் லாரி ஓட்டியவன். ஓட்டும்போது போன் அடித்தது. குனிந்து பார்த்தான். நிமிர்வதற்குள் சைக்கிளில் வந்த ஒருவர் சக்கரத்துக்கு அடியில் இருந்தார். கூப்பிட்டது அண்ணி. சாப்பிட்டாயா என்று கேட்பதற்காக. வழக்கு முடிந்து, அப்பீலும் தோற்றுவிட்டது. அன்று மாலைக்குள் அவனாகவே சிறைவாசலுக்குப் போய் ஆஜராக வேண்டும்.

விபத்துக்குப் பிறகு யாராவது போனை அவன் பக்கம் திருப்பினால் எழுந்து போய்விடுவான். பழைய படங்கள் எல்லாம் போலீஸ் எடுத்துக்கொண்டு போன போனில் இருந்தன. உள்ளே காகிதத்தில் போட்ட படத்தை வைத்துக்கொள்ள விடுவார்கள் என்று குமாஸ்தா சொன்ன அன்று, அண்ணன் என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"டேய் ஆந்தை, உன் பெட்டியால எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடேன்."

"எனக்கே இன்னும் கைக்கு வரல, அண்ணா."

"வரும். வெளிய வச்சு எடு. பின்னாடி செவுரு தெரியக் கூடாது. இனிமே அதத்தான பாத்துக்கிட்டு உக்காரப் போறேன்."

ஆந்தை என்பது நான் பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பெயர். கல்லூரியைப் பாதியில் விட்டேன். கிடங்கையும் விட்டேன். ராத்திரித் தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. மூடப்போன ஒரு ஸ்டூடியோவில் இந்த மரக் காமெராவை வாங்கி வந்தது அந்த நாட்களில்தான். இதையும் எப்போது விடப் போகிறான் என்று வீட்டில் பந்தயம் கட்டாத குறை.

இதில் பிலிம் சுருளாக வராது. தபால் அட்டை அளவில் தனித்தனித் தாள். ஹோல்டர் என்ற தட்டையான சட்டத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக, கும்மிருட்டில் விரலால் தடவித்தான் செருக வேண்டும். இரண்டு பக்கமும் மெல்லிய கறுப்புத் தகடு மூடியிருக்கும். ஹோல்டரைக் காமெராவில் மாட்டிய பிறகு தகட்டை உருவி, படம் எடுத்து, மறுபடி மூட வேண்டும். நான் குளியலறைக் கதவிடுக்கில் துண்டைத் திணித்துக்கொண்டு செருகுவேன். யாரும் விளக்கைப் போட்டுவிடாமல் அண்ணி வெளியே காவல் நிற்பாள்.

பிலிம் அட்டைப்பெட்டியில் இருந்த தாள்களில் பெரும்பகுதியைப் பழகியே தீர்த்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டி, மின்கம்பம், மறுபடி தண்ணீர்த் தொட்டி. கடைசியாக எடுத்ததில் தொட்டிக்கு அம்மை போட்டதுபோல் கறுப்புப் புள்ளிகள். தாளின் மேல் தூசி. அந்த வாரம் முழுவதும் வீட்டில் தூசியைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். வேறு எதைப் பற்றியும் யாரிடமும் பேசியதாக நினைவில்லை. மேட்டுக்குப் போவதற்கு முந்தின ராத்திரி, மிச்சம் இருந்த இரண்டு தாளையும் ஒரே ஹோல்டரில் செருகி, மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

மேட்டில் புல்லும் வானமும் மட்டும்தான். ஒரு சுவர்கூட இல்லை. காமெராவுக்குப் பின்னால் போர்வையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு படம் விழும் தேய்த்த கண்ணாடியைப் பார்த்தேன். அதில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அண்ணனும் அண்ணியும் புல்லிலிருந்து வானத்துக்குள் தொங்கினார்கள். நடுவில் ஓர் ஆள் புகுந்து போகும் இடைவெளி.

"கொஞ்சம் ஒட்டி நில்லுங்க அண்ணி."

"கட்டினவகூட ஒட்டி நிக்க இவன்கிட்ட உத்தரவு வாங்க வேண்டியிருக்கு," என்றான் அண்ணன். ஆனால் நகர்ந்தான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் முன்னால் வைத்துக்கொண்டான். அண்ணி அதில் ஒன்றை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

காற்று அடித்தது. காமெராவின் மடிப்புத் துருத்தி ஆடியது. அடங்கும்வரை காத்திருந்தோம். குமாஸ்தா கார் ஜன்னலை இறக்கினார்.

"இந்நேரம் ஒரு ஆள உக்கார வச்சு வரைஞ்சே முடிச்சிருக்கலாம் தம்பி."

"வரையச் சொன்னா அதையும் கழுத்தோட விட்டுட்டு எந்திரிச்சிருவான் சார்," என்றான் அண்ணன்.

அண்ணி சிரித்தாள். பல மாதங்களாக நான் கேட்காத சத்தம். காற்று நின்றது. தகட்டை உருவினேன், அழுத்தினேன், மூடினேன். ஹோல்டரைத் திருப்பி மாட்டி இன்னொன்று. இரண்டாவதில் அண்ணன் காமெராவைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு படி கூடத் தவறவில்லை. லென்ஸை மூடினேன், தகட்டை உருவினேன், எல்லாம் வரிசையாக. வாழ்க்கையில் ஒரு வேலையை முழுதாக முடித்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தில் வந்தாள்.

"இந்தத் தடவ புள்ளி வராது தம்பி."

"ஏன்?"

"காலையில நீங்க குளிக்கப் போனப்ப தொடச்சு வச்சேன். ரெண்டு பக்கமும் தகட்ட உருவி, ஈரத் துணியால ஒத்தி எடுத்து, ஜன்னல்கிட்ட வெயில்ல காய வச்சு மாட்டினேன். உள்ள இருந்த சாம்பக் கலர் அட்டைய கையால தொடவே இல்ல. ஊதி மட்டும் விட்டேன்."

கையில் இருந்த போர்வை நழுவியது. எடுத்து மறுபடி மடித்தேன். குளியலறையில் விளக்கைப் போடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஹோல்டருக்குள் போன பிறகும் அந்தத் தாள் அதே வெளிச்சத்துக்குப் பயந்துகொண்டு இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கவில்லை. அவள் ஜன்னல் அருகில் நின்று ஊதியபோதே இரண்டும் வெந்துபோய்விட்டன. நான் படம் எடுத்தது செத்த பிலிமில்.

"நல்லதுதான அண்ணி," என்றேன்.

"ஏதோ என்னால ஆனது," என்றாள்.

வேறு பிலிம் இல்லை. கை தானாகச் சட்டைப் பையில் இருந்த போனுக்குப் போனது. வெளியே பாதி எடுத்தேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு காரை நோக்கி நடந்தான். உள்ளே தள்ளிவிட்டேன்.

காரில் அண்ணி அவன் கையைப் பிடித்தபடி பேசிக்கொண்டே வந்தாள். படத்தை எந்த அளவில் போடுவது, ஓரம் மடங்காமல் எப்படி அனுப்புவது. நான் ஹோல்டரை மடியில் வைத்திருந்தேன். இனி அதை எந்த வெளிச்சத்தில் வைத்தாலும் ஒன்றுதான். இருந்தாலும் போர்வையில் சுற்றித்தான் வைத்திருந்தேன், அவள் பார்க்கிறாள் என்பதற்காக.

சிறையின் பெரிய இரும்புக் கதவில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு. அண்ணியை அதற்கு மேல் வரவேண்டாம் என்று அண்ணன் காரோடு நிறுத்திவிட்டான். குமாஸ்தா காகிதங்களை நீட்டினார். காவலர் படித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் வெயிலில் நின்றோம்.

"மொத மாசமே அனுப்பிருடா. அது ஒண்ணு இருந்தா எப்படியாவது ஓட்டிருவேன்."

மாதாமாதம் தபால் வரும் நேரத்தில் இவன் தலையைத் தூக்கிப் பார்ப்பது கண்முன் வந்தது. அப்படி அவனைக் காத்திருக்க வைக்க மனம் வரவில்லை.

"அண்ணா, படம் வராது. உள்ள வெளிச்சம் புகுந்துருச்சு. நான் கெடுத்துட்டேன்."

அவன் சிரிக்கத்தான் போனான். பிறகு என் கையில் இருந்த சுருட்டிய போர்வையைப் பார்த்தான். திரும்பி, காரில் சாய்ந்து நின்ற அண்ணியைப் பார்த்தான்.

"காலையில ஜன்னல்கிட்ட அவ எதையோ ஊதிக்கிட்டு நின்னாளே."

"அது இல்ல. நான்தான்."

"அவளுக்குத் தெரியுமா?"

"என்ன தெரியணும்? நான் சொதப்பினது. வழக்கம்போல."

என் பக்கம் திரும்பினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"சரி. நீதான்," என்றான். "அப்படியே இருக்கட்டும். கடைசி வரைக்கும் அவகிட்ட அப்படியே சொல்லு. இதையாவது பாதியில விட்டுறாத."

காவலர் பெயரைச் சொல்லி அழைத்தார். அண்ணி தூரத்திலிருந்து கையைத் தூக்கி, விரல்களால் ஒரு கட்டம் போட்டுக் காட்டினாள். படம் வரும் என்பதற்கு. அண்ணன் தலையை ஆட்டினான், குனிந்து உள்ளே போனான். சின்னக் கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது, பூட்டில் சாவி முழுதாக ஒரு சுற்று திரும்பியது.