வாசல் வைக்காத மேடு

சாலோமி மூன்றாவது தடவையாகக் கணவரின் சட்டைக் கையில் பொத்தானைப் போட்டுப் பார்த்தாள். விறைத்துப்போன கை இடம் கொடுக்கவில்லை. மூன்று மணிக்குச் சபை ஐயர் ஜெபத்துக்கு வந்துவிடுவார். அதற்குள் அவரை, கிருபைராஜ் சாரை, பெட்டிக்குள் வைத்தாக வேண்டும்.

கொத்தனார் அம்மையப்பன் தயங்கியபடி உள்ளே வந்தார். புறவாசல் தோட்டத்தில் ஸ்தூபியைக் கட்டியவர் அவர்தான். பத்து வருடத்துக்கு முன், சரித்திர வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சார், சாஞ்சியில் புத்த ஸ்தூபியைப் பார்த்துவந்த கையோடு அதேபோல ஒன்றை இடுப்புயரத்துக்குக் கட்டவைத்தார். கவிழ்த்த சட்டிபோல ஒரு மேடு, அதன் தலையில் சதுரவேலி, நடுவில் கம்பு, கம்பில் மூன்று குடை. கோயில் பெண்கள் கேட்டால், சீனி வியாதிக்காரர் நடக்க ஒரு சாக்கு என்று சாலோமி சிரிப்பாள். சாரும் தினம் சாயங்காலம், மேடு தம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றிச் சுற்றி வருவார்.

"பாப்பா பல்லுக்குப் பக்கத்துல சாருக்கும் ஏதாச்சும் வைக்கணுமாம்மா?" என்று அம்மையப்பன் பையக் கேட்டார்.

"எந்தப் பல்லு?"

அம்மாவுக்குத் தெரியும் என்றே அவர் நினைத்திருந்தார். செங்கல் அடுக்கும்போது நட்டநடுவில் பல் இருந்த சின்ன வெள்ளிச் செப்பை சாரே வைத்தாராம். புத்தருக்கும் எலும்பும் பல்லும் வைத்துத்தான் கட்டினார்கள், உள்ளே ஒருவரும் இல்லாமல் ஸ்தூபி ஏது என்றாராம்.

ஏழு வயதில் காய்ச்சலில் போன மகள் ஜாய்சியின் பால்பல். தான் சாகும்போது அதைத் தன் கைக்குள் வைத்துப் பெட்டியை மூடச் சாரிடம் சொல்லியிருந்தாள் சாலோமி. அது காணாமல் போனபோது பீரோவை நகர்த்தி, அரிசிப்பானையைக் கவிழ்த்து, மூன்று நாள் தேடினாள். எலி இழுத்துப் போயிருக்கும், விடு என்றார் சார்.

அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கட்டிலுக்கடியில டார்ச்சு வேற அடிச்சியளே."

பிறகு கொத்தனாரிடம், உடைத்து எடுத்துத் தரச் சொன்னாள்.

"மொத்தமும் சரிஞ்சிரும்மா. வாசல் வைக்கட்டுமான்னு அன்னைக்கே கேட்டேன். இதுக்குள்ள யாரும் போவ முடியாது வே, சுத்தத்தான் முடியும்னாவ சாரு."

அவள் கிணற்றடிக் கடப்பாரையைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். ஒரு போடு போட்டாள். சில்லுப் பெயர்ந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் கையால் அடித்த சுண்ணாம்பு, ஏடு ஏடாகப் பத்து வருடம் தெரிந்தது.

ஐயர் வந்துவிட்டதாக வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

மேட்டைச் சுற்றிப் புல் முளைக்காமல் சார் கால் போட்ட தடம் கிடந்தது. கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அவள் அதில் இறங்கினாள். அவர் சுற்றியதற்கு எதிராக, மேட்டை இடக்கைப் பக்கம் விட்டு நடந்தாள், எதிரே ஆள் வருகிற ஒற்றையடிப் பாதையில் போகிறவளைப்போல, நிமிர்ந்து பார்த்தபடி.