எழுந்துபோகிற பெஞ்சு

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மகளின் பள்ளிக்கூடத்தில். டீச்சர் கூப்பிட்டனுப்பினார். ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணை மற்றவர்கள் ஒதுக்குகிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் எழுத ஆரம்பித்தேன்.

‘அன்று என் மகள் அழுதுகொண்டே வந்தா—

(இந்த வரியை அடித்துவிட்டேன். அழுதது என் மகள் இல்லை. ஒதுக்குகிறவர்களுக்குத் தலைவி என் மகள். டீச்சர் இதை எனக்குத் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.)

2
நடந்தது இவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பெண் எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும், அங்கே இருப்பவர்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அடி இல்லை, திட்டு இல்லை.

“சும்மா விளையாட்டுப்பா. அவளை நாங்க ஒண்ணுமே சொல்லலையே.”

“முதல்ல எழுந்தது யாரு?”

மகளுக்குத் திடீரென்று தாகம் எடுத்துவிட்டது. எழுந்து போய்விட்டாள்.

(இங்கே வில்லியின் முகத்தை வர்ணிக்க வேண்டும். அச்சு அசலாக என்னைப் போலவே இருப்பாள். வேண்டாம்.)

3
அந்தப் பெண்ணின் அம்மாவும் டீச்சர் அறைக்கு வந்திருந்தார். சண்டைக்கு வருவார் என்று பதில்களோடு போயிருந்தேன். ஒன்றும் பயன்படவில்லை.

“இப்பல்லாம் வீட்டுலயும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடுறா சார். பிடிச்சு உட்கார வச்சாலும், நான் பக்கத்துல உட்கார்ந்தா எழுந்துடுறா. ‘நீ எதுக்கும்மா எழுந்திருக்கணும், நானே போயிடுறேன்’ங்கிறா.”

இதற்கடுத்து, படிப்பவர் கண் கலங்கும்படி ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.

4
முடிவு அ: மகள் மன்னிப்புக் கேட்கிறாள். இருவரும் உயிர்த் தோழிகள் ஆகிறா—

(எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு ஆ: மகளுக்குத் தண்டனை. அவள் திருந்துகிறாள். அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.

வேறு வழி தெரியாமல் மகளிடமே படிக்கக் கொடுத்தேன். அந்த அம்மா பேசிய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“அவ எங்க பெஞ்சுல வந்து உட்கார்ந்தான்னு முடிச்சிடுங்கப்பா.”

“நீ கூப்பிட்டா வருவாளா?”

“மாட்டா. எழுந்துடுவோம்னு நினைப்பா.”

“எழுந்துடுவியா?”

“நான் மாட்டேன். ஆனா மத்தவங்க எழுந்துட்டா, அவளும் நானும் மட்டும்தானேப்பா இருப்போம்?”

அந்தப் பெண்ணை உட்கார வைக்க எனக்கு ஒரு வரி போதும். அதை எழுதப்போவதில்லை. நாளை மதியம் மணி அடிக்கும்போது நான் ஆபீஸில் இருப்பேன், நீங்கள் வேறெங்கோ இருப்பீர்கள். அந்த பெஞ்சில் இருக்கப்போவது என் மகள்.